லினக்ஸ் நிர்வாகம் பழக: நிறுவுங்கள், கெடுங்கள், சரிசெய்யுங்கள்

லினக்ஸ் சர்வர் நிர்வாகம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தேங்கிப்போகிறார்கள். கணினியில் உபுண்டு ஏறிவிட்டது, கோப்பை நகர்த்தவும் அழிக்கவும் தெரிகிறது, அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. உடனே நூறு கட்டளைகள் கொண்ட பட்டியல் ஒன்றை இறக்கி மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். நேர்காணலிலோ, "சர்வரில் இடமே இல்லை என்று போன் வருகிறது, முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள். பட்டியலில் அதற்குப் பதில் கிடையாது.

இங்கே சொல்லப்போவது வேறு வழி. ஒரு சின்ன சர்வரை நிறுவி, அதில் ஒரு இணையதளத்தை ஓடவிட்டு, பிறகு தெரிந்தே அதைக் கெடுத்து, லாகைப் (நிரல்கள் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு) படித்துச் சரிசெய்வது. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது பெரும்பாலும் ஆங்கிலச் சிற்றெழுத்துதான்.

எதை, எங்கே நிறுவுவது

டெபியன் என்ற லினக்ஸ் வகை போதும். 1993-ல் தொடங்கிய திட்டம். உபுண்டுவே இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது, அதனால் இதில் பழகியது அங்கேயும் செல்லும். காளி லினக்ஸில் தொடங்க வேண்டாம். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கான கருவிப்பெட்டி, சர்வர் பழகுவதற்கு உரியதல்ல. சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸை வைத்து எடுத்த பழைய யூடியூப் வீடியோக்களையும் தள்ளிவையுங்கள். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீடியோவில் இருப்பதை அப்படியே தட்டினால் பேக்கேஜ் இறங்காது. தவறு உங்களுடையது என்று நினைத்து நேரம் போகும்.

விண்டோஸ் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) போடுங்கள். 2 ஜிபி நினைவகம், 20 ஜிபி டிஸ்க் கொடுத்தால் தாராளம். மெஷின் கிளம்பவே மாட்டேன் என்றால் பயாஸுக்குள் (உங்கள் கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் விர்ச்சுவலைசேஷன் என்ற அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தால் அதுவும் உதவும். வரைகலைத் திரை இல்லாத டெபியன் சர்வர் அதில் நன்றாகவே ஓடும். அதில் நேரடியாக நிறுவினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், படங்களை முதலில் எடுத்துவைத்துவிடுங்கள். ஆனாலும் முதல் இரண்டு மாதத்துக்கு விர்ச்சுவல் மெஷினையே பரிந்துரைப்பேன். காரணம் ஸ்னாப்ஷாட். மெஷினின் நிலையை ஒரு சொடுக்கில் சேமித்து, கெட்டுப்போனால் ஒரு சொடுக்கில் அங்கேயே திரும்பலாம். கீழே சொல்லும் பயிற்சிகளுக்கு அது கட்டாயம் வேண்டும்.

நிறுவும்போது மூன்று இடங்களில் நிதானியுங்கள், மற்றதற்குப் பெரும்பாலும் எண்டர் தட்டிக்கொண்டே போகலாம். ஒன்று, ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும் திரை. அங்கே எதையும் தட்டாமல் காலியாக விடுங்கள். அப்படி விட்டால்தான் டெபியன் சூடோவை (ரூட் உரிமையோடு கட்டளையை ஓட்ட உதவும் கருவி) நிறுவி, நீங்கள் உருவாக்கும் முதல் யூசருக்கு அந்த உரிமையையும் கொடுக்கும். ரூட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால், பிறகு சூடோ போட்டதும் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றோ, "இந்த யூசர் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை" என்றோ திட்டும். டெபியனுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது, டிஸ்கைப் பிரிக்கும் திரை. எல்லாவற்றையும் ஒரே பிரிவில் போடும் வழியைத் தேர்ந்தெடுங்கள், இப்போதைக்கு எல்விஎம் (பிரிவுகளின் அளவைப் பின்னால் மாற்ற உதவும் அமைப்பு) வேண்டாம். மூன்றாவது, மென்பொருள் தேர்வு. டெஸ்க்டாப் தொடர்பான எல்லாவற்றிலும் குறியை நீக்கிவிட்டு, எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழைய உதவுவது), வழக்கமான கணினிக் கருவிகள் ஆகிய இரண்டை மட்டும் விடுங்கள். கருப்புத் திரையில் லாகின் கேட்டால் வேலை முடிந்தது. உள்ளே நுழைவதற்கு முன்பே முதல் ஸ்னாப்ஷாட்டை எடுத்து, "சுத்தம்" என்று பெயர் வையுங்கள்.

கருப்புத் திரையை விட்டு வெளியே வாருங்கள்

விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலுக்குள் தட்டிக்கொண்டிருப்பது வீண் சிரமம். நகலெடுத்து ஒட்ட முடியாது, மேலே ஓடிப்போன வரியைப் பார்க்க முடியாது. வேலை செய்யும் இடத்திலும் சர்வர் முன்னால் யாரும் உட்காருவதில்லை, எஸ்எஸ்எச் வழியாகத்தான் போவார்கள். அதையே முதல் நாளிலிருந்து பழகுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் வழக்கமான நெட்வொர்க் அமைப்பு நாட். அதில் மெஷின் உள்ளிருந்து இணையத்துக்குப் போகும், வெளியிலிருந்து நீங்கள் உள்ளே போக முடியாது. போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல். நெட்வொர்க் அமைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் என்ற இடத்துக்குப் போய், உங்கள் கணினியின் 2222-ஆம் போர்ட்டை மெஷினின் 22-ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு விண்டோஸின் பவர்ஷெல்லிலிருந்தே 2222-ஆம் போர்ட் வழியாக உள்ளே நுழையலாம், புட்டி போன்ற தனி மென்பொருள் தேவையில்லை. அங்கேயே இன்னொரு வரி சேர்த்து 8080-ஐ 80-க்குத் திருப்பிவிட்டால், பின்னால் இணையதளம் பார்க்க உதவும்.

பாஸ்வேர்டில் நுழைவது பழகியதும் சாவிக்கு மாறுங்கள். "எஸ்எஸ்எச்-கீஜென்" உங்கள் கணினியில் இரண்டு கோப்புகளை உருவாக்கும். பொதுச்சாவியை மட்டும் சர்வரில் சேர்க்க வேண்டும். மற்றது உங்கள் கணினியை விட்டு எங்கும் போகக்கூடாது. சாவி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, சர்வரில் பாஸ்வேர்டு நுழைவை மூடிவிடலாம். மூடும்போது ஒரு பழக்கம்: ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் மட்டும் பழையதை மூடுங்கள். ஃபயர்வாலும் இதே கதைதான். "யூஎஃப்டபிள்யூ" என்ற ஃபயர்வால் கருவியை இயக்குவதற்கு முன் எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி கொடுக்காவிட்டால் உங்களை நீங்களே வெளியே தள்ளிக்கொள்வீர்கள். வீட்டு மெஷினில் அது சிரிப்பு. வேறு ஊரில் இருக்கும் சர்வரில் அப்படியில்லை.

அனுமதிகள்: அவசரப்படக்கூடாத பாடம்

4 என்றால் படிக்க, 2 என்றால் எழுத, 1 என்றால் இயக்க. மூன்றையும் கூட்டி, உரிமையாளர், குரூப், மற்றவர் என மூன்று இலக்கம். 644, 755, 640 என்பவற்றைப் பார்த்ததும் அர்த்தம் சொல்ல அரை மணி நேரத்தில் வந்துவிடும். சிக்கல் அங்கே இல்லை, அடைவுகளில் இருக்கிறது. கோப்புக்கு "இயக்க" என்றால் நிரலாக ஓட்டுவது. அடைவுக்கு அதே 1 என்றால் அதன் வழியாகக் கடந்துபோகும் உரிமை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பயிற்சி. இணையதளத்தை வழங்கும் எஞ்சின்எக்ஸை (தட்டும்போது என்ஜிஐஎன்எக்ஸ்) நிறுவுங்கள்: முதலில் "ஏபிடி அப்டேட்", பிறகு "ஏபிடி இன்ஸ்டால் எஞ்சின்எக்ஸ்". அப்டேட் எதையும் மேம்படுத்தாது, எங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். உண்மையில் மேம்படுத்துவது அப்கிரேடு. உலாவியில் 8080-ஆம் போர்ட்டைத் திறந்தால் வரவேற்புப் பக்கம் தெரியும். இப்போது உங்கள் ஹோம் அடைவுக்குள் "தளம்" என்ற பொருளில் ஒரு அடைவை உருவாக்கி, அதில் ஒரு எச்டிஎம்எல் கோப்பை வைத்து, எஞ்சின்எக்ஸை அங்கே திருப்பிவிட்டு, அமைப்பை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். பக்கம் வராது. அமைப்பைப் பொறுத்து 403 (அனுமதி இல்லை) என்றோ 404 (பக்கம் இல்லை) என்றோ மறுத்துவிடும்.

புதியவர்கள் உடனே செய்வது கோப்புக்கு 777 கொடுப்பது. ஒன்றும் மாறாது. பிறகு அடைவுக்கும் 777. அப்போதும் மாறாது. கோப்பைச் சுற்றியே தேடுவார்கள், பிரச்சினையோ இரண்டு படி மேலே இருக்கிறது. டெபியன் 12-லிருந்து ஹோம் அடைவு 700 அனுமதியோடு உருவாகிறது. எஞ்சின்எக்ஸ் ஓடுவது வேறொரு யூசராக. அதற்கு உங்கள் ஹோமைக் கடந்துபோகவே உரிமையில்லை. வாசல் கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறைக் கதவைத் திறந்துவைத்து என்ன பயன்? "நேமி -எல்" (ஆங்கில நேம் என்பதோடு ஓர் ஐ) என்று தட்டி முழுப் பாதையைக் கொடுத்தால், ரூட்டிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் அடைபட்டிருக்கிறது என்று உடனே தெரியும். இந்தக் கட்டளையைப் பட்டியல்கள் ஏனோ சேர்ப்பதில்லை. சரியான தீர்வு ஹோமைத் திறந்துவிடுவது அன்று. தளத்தை வார் அடைவுக்குள் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற இடத்துக்கு நகர்த்துவது. 777 கொடுத்தால் ஏதாவது சரியாகிறது என்றால், அங்கே உரிமையாளர் யார் என்பதை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து மூன்று யூசர்களை உருவாக்கி, இருவரை மட்டும் ஒரு குரூப்பில் சேர்த்து, அவர்களுக்குப் பொதுவான அடைவு ஒன்று கொடுங்கள். அடைவின் குரூப்பை மாற்றி 2770 அனுமதி வையுங்கள். முன்னால் உள்ள 2, உள்ளே உருவாகும் கோப்புகள் அந்தக் குரூப்புக்கே சேரும்படி செய்யும். ஒருவராக நுழைந்து ஒரு கோப்பு எழுதி, மற்றவராக நுழைந்து அதைத் திருத்திப் பாருங்கள். யூமாஸ்க் (புதுக் கோப்பிலிருந்து எந்த அனுமதிகளைக் கழிப்பது என்று சொல்லும் எண்) 022 ஆக இருந்தால் திருத்த முடியாது. குரூப் சரியாக இருந்தும் எழுதும் உரிமை கழிந்துபோயிருக்கும். ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். அதற்காகும் ஒரு மணி நேரம் வீணல்ல.

சர்வீஸ்களும் லாகும்

சர்வீஸ் என்பது பின்னணியில் ஓடும் நிரல். அவற்றை நிர்வகிக்கும் "சிஸ்டம்சிடிஎல்" கட்டளையில் ஸ்டார்ட்டுக்கும் எனேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பிடியுங்கள். ஸ்டார்ட் இப்போது ஓடவைக்கும், எனேபிள் மறுபடி கிளம்பும்போது தானாக ஓடவைக்கும். இரண்டும் தனித்தனி. மின்சாரம் போய் வந்த பிறகு தளம் வரவில்லை என்று புகார் வந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது கெடுக்கத் தொடங்கலாம். ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின்எக்ஸ் அமைப்புக் கோப்பைத் திறந்து, ஒரு வரியின் முடிவில் உள்ள அரைப்புள்ளியை நீக்குங்கள். முதலில் ரீலோடு செய்யுங்கள். பிழை வரும், ஆனால் தளம் தொடர்ந்து ஓடும். புதிய அமைப்பில் தவறு இருப்பதைப் பார்த்து, பழைய அமைப்போடு ஓடிக்கொண்டிருந்ததை அது நிறுத்தாமல் விட்டுவிட்டது. அடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். தளம் விழுந்துவிடும், ஓடியதை நிறுத்திவிட்டு, கெட்டுப்போன அமைப்போடு கிளம்ப முயன்று தோற்றது. இந்த ஒரு பயிற்சியைச் செய்தவர்கள் அதன் பிறகு, "எஞ்சின்எக்ஸ் -டி" போட்டுச் சரிபார்க்காமல் ரீஸ்டார்ட் பக்கம் போகமாட்டார்கள்.

பிழைச் செய்தி வரி எண்ணைச் சொல்லும். அந்த வரியைப் பார்த்தால் பல நேரம் சரியாகவே இருக்கும். அரைப்புள்ளி விட்டுப்போனது முந்தைய வரியில். கணினிக்கு அது உறைத்தது அடுத்த வரியில். எனவே சொல்லும் எண்ணிலிருந்து மேலே நோக்கித் தேடுங்கள். லாகுக்கும் இதே முறை. "ஜர்னல்சிடிஎல் -யு எஞ்சின்எக்ஸ்" என்று தட்டினால் அந்தச் சர்வீஸின் வரலாறு வரும். இருபது பிழைகள் தெரிந்தால் கடைசியில் இருப்பதைப் படித்துப் பதற வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் வந்த முதல் பிழையைத் தேடுங்கள், மீதியெல்லாம் பெரும்பாலும் அதன் விளைவு. "-பி" போட்டால் இந்த முறை கிளம்பியதிலிருந்து வந்ததை மட்டும் காட்டும், "-எஃப்" போட்டால் வரவர ஓடும். ஒரு ஜன்னலில் லாகை ஓடவிட்டு இன்னொன்றில் வேலை செய்வது நல்ல பழக்கம்.

கூடவே எஞ்சின்எக்ஸ் செய்யும் அதே வேலையைச் செய்யும் அப்பாச்சியையும் நிறுவிப் பாருங்கள். இரண்டும் 80-ஆம் போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும், "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்" என்ற பொருளில் பிழை வரும். போர்ட்டைப் பிடித்துவைத்திருப்பது யார் என்று "எஸ்எஸ் -டிஎல்என்பி" காட்டும். சூடோவோடு தட்டுங்கள், இல்லாவிட்டால் பெயர் தெரியாது.

டிஸ்க் நிறைந்தால்

நேர்காணல் கேள்விக்கு வருவோம். "ஃபாலோகேட்" (ஆங்கில அலோகேட்டுக்கு முன்னால் ஓர் எஃப்) கட்டளையால் சாதாரண யூசராகவே பல ஜிபி கோப்பு ஒன்றை உருவாக்கி, டிஸ்க் நிறையும்வரை அளவைக் கூட்டுங்கள். இடமில்லை என்று பிழை வரும். ஆனால் சூடோ போட்டால் இன்னும் எழுத முடியும். காரணம், ஈஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பு வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கிறது. அந்த இடம் இருப்பதால்தான் நிறைந்துபோன சர்வருக்குள்ளும் நிர்வாகி நுழைந்து வேலை செய்ய முடிகிறது.

"டிஎஃப் -எச்" எந்தப் பிரிவு நிறைந்தது என்று சொல்லும். அதற்குள் எந்த அடைவு தின்கிறது என்று "டியூ" சொல்லும். மேலிருந்து ஒவ்வொரு அடைவாக இறங்குங்கள். இதுவரை எல்லாப் பாடங்களிலும் இருக்கும். இல்லாத ஒன்று: அந்தப் பெரிய கோப்பை ஒரு ஜன்னலில் "டெயில் -எஃப்" போட்டுத் திறந்துவைத்து, இன்னொன்றில் அழியுங்கள். கோப்பு கண்ணில் இல்லை, ஆனால் டிஎஃப் காட்டும் பயன்பட்ட இடம் குறையவில்லை. ஏதாவது ஒரு நிரல் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை லினக்ஸ் அந்த இடத்தை விடுவிக்காது. வேலையிடத்தில் பெரிய லாகை அழித்துவிட்டு, "அழித்தும் இடம் வரவில்லையே" என்று குழம்புவது இதனால்தான். அழிந்தும் பிடியில் இருக்கும் கோப்புகளை "எல்எஸ்ஓஎஃப் +எல்1" காட்டும். இங்கே எல் மட்டும் பெரிய எழுத்து. பிடித்திருக்கும் நிரலை நிறுத்தினால் இடம் திரும்பும். டிஎஃப் இடம் இருக்கிறது என்று சொல்லியும் எழுத முடியவில்லை என்றால் "டிஎஃப் -ஐ" போட்டுப் பாருங்கள். கோடிக்கணக்கான குட்டிக் கோப்புகள் ஐநோடுகளை (கோப்பு ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் பதிவு இடம்) தீர்த்திருக்கலாம்.

கிளம்பவே கிளம்பாத மெஷின்

இதுதான் பயமான பயிற்சி, அதனாலேயே முக்கியமானது. மறுபடி ஒரு ஸ்னாப்ஷாட். ஈடிசி அடைவில் எஃப்எஸ்டேப் என்ற கோப்பு இருக்கும். கிளம்பும்போது எந்த டிஸ்கை எங்கே பொருத்துவது என்பதை அது சொல்கிறது. அதில், இல்லாத ஒரு டிஸ்குக்குப் புதிய வரி சேர்த்துவிட்டு மெஷினை மறுபடி கிளப்புங்கள்.

ஒன்றரை நிமிடம் அந்த டிஸ்குக்காகக் காத்திருக்கும், பிறகு அவசர நிலைக்குப் போகும். அங்கே ஒரு திருப்பம்: ரூட் கணக்கு பூட்டியிருப்பதால் உள்ளே விட முடியாது என்று மறுத்துவிடும். நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டோமே, அதற்கான விலை இது. பதற வேண்டாம், வழி உண்டு. மெஷினை ரீசெட் செய்து, க்ரப் (லினக்ஸை ஏற்றிக் கிளப்பும் மென்பொருள்) பட்டியல் தெரியும்போது ஆங்கில "ஈ" விசையைத் தட்டுங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில், ஒரு இடைவெளி விட்டு "இனிட்=/பின்/பாஷ்" என்று சேர்த்து, கண்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள். பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் ரூட்டாக உள்ளே இருப்பீர்கள். டிஸ்க் படிக்க மட்டுமான நிலையில் இருக்கும். "மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /" போட்டால் எழுதலாம். கெட்ட வரியை நீக்கி, "சிங்க்" தட்டி, மெனுவிலிருந்து ரீசெட் செய்யுங்கள். மெஷின் எழுந்துவிடும்.

பாஸ்வேர்டு இல்லாமல் ரூட்டாக நுழைய முடிந்ததே என்று உறுத்தினால் நல்லது. கணினியைக் கையில் தொட முடிகிறவருக்கு அதன் உள்ளே போகவும் வழி உண்டு. சர்வர் அறைகள் பூட்டியிருப்பதும், டிஸ்கையே குறியாக்கம் செய்வதும் இதற்காகத்தான். இனி எஃப்எஸ்டேப்பில் கை வைத்தால், மறுபடி கிளப்புவதற்கு முன் "மவுண்ட் -ஏ" போட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே சொல்லிவிடும்.

பேக்கப்

சுருக்கமாகச் சொல்கிறேன். தளத்தின் அடைவையும் ஈடிசி அடைவையும் "ஆர்சிங்க்" கொண்டு இன்னொரு மெஷினுக்கு நகலெடுங்கள். மூல அடைவின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளிருப்பது மட்டும் போகும், இல்லாவிட்டால் அடைவே போகும். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் "--டிலீட்" சேர்ப்பதற்கு முன் "-என்" போட்டு ஒத்திகை பாருங்கள். க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கருவி) போட்டதும் ஓடவில்லை என்றால் பாதையைச் சந்தேகியுங்கள். உங்கள் டெர்மினலுக்குத் தெரிந்த பாதைகள் எல்லாம் க்ரானுக்குத் தெரியாது, கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுங்கள். பிறகு "சுத்தம்" ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, பேக்கப்பை மட்டும் வைத்துத் தளத்தை எழுப்பிப் பாருங்கள். எழாவிட்டால் உங்களிடம் பேக்கப் இல்லை.

ஜோடி சேர்ந்து, பிறகு தேர்வு

தனியாகக் கெடுத்தால் எங்கே கெடுத்தோம் என்று தெரிந்துவிடுகிறது. அதனால் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மற்றவர் மெஷினில் ஒரே ஒரு இடத்தைக் கெடுக்க வேண்டும். என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் "தளம் வரவில்லை" என்று மட்டும் புகார் சொல்ல வேண்டும். பயிற்சி கொடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஸ்லைடுகளைக் குறைத்து, கெட்டுப்போன மெஷின்களைக் கொடுங்கள். மாணவர் திணறும்போது கீபோர்டைப் பிடுங்காதீர்கள், "லாக் என்ன சொல்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் ரெட்ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வை நோக்கலாம். கொள்குறி வினா கிடையாது. உயிருள்ள மெஷினில் 3 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அமைத்தது எதுவும் மறுபடி கிளம்பிய பிறகும் நிலைக்க வேண்டும். எனேபிள் மறந்தால் மதிப்பெண் போச்சு. கிளம்பும் வழியை இடைமறித்து உள்ளே நுழைவது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, மேலே செய்த பயிற்சியின் இன்னொரு வடிவம்தான். அதற்கு, ரெட்ஹாட்டின் லினக்ஸோடு ஒத்துப்போகும் ராக்கி லினக்ஸோ அல்மா லினக்ஸோ நிறுவிப் பழகுங்கள். அங்கே கூடுதலாக எஸ்ஈலினக்ஸ் என்ற காவல் உண்டு. அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் 403 வந்தால் பெரும்பாலும் அதுதான். அதை அணைத்துவிடச் சொல்லும் வீடியோவை அங்கேயே மூடிவிட்டு, கோப்பின் எஸ்ஈலினக்ஸ் அடையாளத்தைச் சரிசெய்யும் "ரெஸ்டோர்கான்" கட்டளையைப் படியுங்கள். இன்னொரு சான்றிதழான எல்பிஐசி-1 இரண்டு தேர்வுகள் கொண்டது, எழுத்துத் தேர்வு வகை. என் பார்வையில் வேலைக்கு ஆர்எச்சிஎஸ்ஏ-வே பலன் தரும், செலவு கூடுதலாக இருந்தாலும்.

தமிழில் படிக்கக் கணியம் இதழில் கட்டற்ற மென்பொருள் கட்டுரைகள் நிறைய உண்டு. நேரில் பழக விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவும், சென்னையில் நெடுங்காலமாக இயங்கும் லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கின்றன. அங்கே கேட்கும்போது "சர்வர் வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. எந்த டெபியன் பதிப்பு, கடைசியாக என்ன மாற்றினீர்கள், எந்தக் கட்டளை தட்டினீர்கள், அது சொன்ன பிழை வரிக்கு வரி என்ன என்ற நான்கையும் எழுதுங்கள். பிழையைப் புகைப்படமாக அல்ல, எழுத்தாகவே ஒட்டுங்கள். ஒட்டும் முன் அதில் பாஸ்வேர்டோ சாவியோ கலந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.